150 சதுர அடியா, 190 சதுர அடியா? ஆரையம்பதித் தம்பியின் கனோபித் தெரிவு

ஆரையம்பதியைச் சேர்ந்த 27 வயது இளைஞர். டுபாயில் ஏசி டெக்னீஷியன். விமானத்திலிருந்து பரசூட்டோடு குதிக்கும் வான்குதிப்பு விளையாட்டில் ஏஎஃப்எஃப் என்ற ஆரம்பப் பயிற்சியை முடித்து, 25 குதிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஏ லைசன்ஸையும் எடுத்திருந்தார். எல்லாமாக 38 குதிப்பு. அதுவரை குதித்ததெல்லாம் வாடகைப் பரசூட்டில்தான்: பயிற்சியில் 240 சதுர அடி, லைசன்ஸுக்குப் பிறகு 210. இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு கேள்வியையும் கொண்டு வந்திருந்தார். அதே இடத்தில் குதிக்கும் மூத்தவர் ஒருவர் தன் முழு செட்டையும் விற்கப்போகிறார். இரண்டு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வாங்கலாமா?

இந்த ஆய்வில் அவரைத் தம்பி என்றே எழுதுகிறேன். வீட்டாரும் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். நான் கல்லடிக்காரன், வளைகுடாவில் பல வருடம் குதித்து, லைசன்ஸ் எடுத்தவர்களுக்குக் கனோபி, அதாவது தலைக்குமேல் விரியும் பரசூட் துணியை, ஓட்டப் பழக்கியவன். தம்பியின் மாமா என்னோடு படித்தவர். அந்த உறவில்தான் பேச்சு என்னிடம் வந்தது. வெளிநாட்டில் வேலை செய்துகொண்டு இந்த விளையாட்டுக்குள் நுழையும் எங்கள் பிள்ளைகளுக்கு, முதல் கனோபியை வாங்கும் நேரத்தில் வீட்டு மொழியில் இருந்து பேச ஆள் கிடைப்பது அரிது. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

விலைக்கு வந்த செட்

கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மெயின், அதாவது வழக்கமாக விரிக்கும் கனோபி, ஸ்டிலெட்டோ என்ற மாடலில் 150 சதுர அடி. அது பழுதானால் விரிக்கும் ரிசர்வ் 143. கொன்டெய்னர் என்று சொல்லும் முதுகுப் பை, இந்த இரண்டு அளவுக்கும் என்றே தைத்தது. தானாக ரிசர்வைத் திறக்கும் ஏஏடி கருவிக்கு இன்னும் சில வருட ஆயுள் மிச்சம். எல்லாம் சேர்த்துப் புது செட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். விற்பவர் எதையும் ஒளிக்கவில்லை. எத்தனை குதிப்புக்குப் பாவித்தது, எப்போது கயிறு மாற்றியது என்ற விபரமெல்லாம் கொடுத்திருந்தார். பொருள் நல்லது. அது இவருக்குச் சரிவருமா என்பதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் எடைக் கணக்கு. தம்பி 74 கிலோ. செட், ஹெல்மெட், உடுப்பு எல்லாம் சேர்த்து இன்னும் 12 கிலோ. விமானத்தை விட்டு வெளியேறும்போது 86 கிலோ, ஏறக்குறைய 190 இறாத்தல். இதைக் கனோபியின் பரப்பால் பிரித்தால் வருவது விங் லோடிங்: ஒரு சதுர அடித் துணி எத்தனை இறாத்தலைத் தாங்குகிறது என்ற எண். 240-இல் 0.79. 210-இல் 0.90. 190-இல் சரியாக 1.0. 170-இல் 1.12. 150-இல் 1.27.

புதியவர் 1.0-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது குதிக்கும் இடங்களில் பரவலாகப் புழங்கும் விதி. அதற்குப் பிறகு 100 குதிப்புக்கு 0.1 வீதம் கூட்டலாம் என்று ஒரு கணக்கும் உண்டு. அப்படிப் பார்த்தாலும் 1.27 என்பது 300 குதிப்பை எட்டப்போகிறவருக்கான எண். தம்பியிடம் இருந்தது 38.

பறக்கும் வேகம் விங் லோடிங்கின் வர்க்கமூலத்தோடு கூடும். பயிற்சியில் பழகிய 240-இலிருந்து 150-க்குப் போனால் வேகம் 26 வீதம் கூடுகிறது. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் நிலத்தில் மோதும்போது உடம்பு வாங்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் அது 60 வீதம் கூடிவிடும். 210-இலிருந்து பார்த்தாலும் 40 வீதம். எலும்புக்குக் கணக்கு இந்த இரண்டாவது எண்தான். அதோடு டுபாய் வெயில்: 15 பாகையில் இருந்த காற்று 40 பாகையில் 8 வீதம் இலேசாகிவிடும், அதே கனோபி, அதே ஆள், இன்னும் 4 வீதம் வேகம்.

வடிவத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஸ்டிலெட்டோ 1990களில் வந்த, நுனிகள் ஒடுங்கிய எலிப்டிகல் கனோபி. சின்ன அசைவுக்கும் உடனே திரும்பும். அனுபவசாலிகள் அதை விரும்புவதற்குக் காரணமே அந்தக் கூர்மைதான். ஆனால் விரியும்போது கயிறுகள் முறுக்கிக்கொண்டால், அதே கூர்மை ஆளைச் சுழற்றத் தொடங்கும். 210-இல் கயிறு முறுக்கினால் மேலே பார்த்து, ரைசர் என்ற தோள்பட்டிகளை விரித்துப் பிடித்து, காலை உதைத்து அவிழ்க்க நேரம் இருக்கும். பாரம் கூடிய எலிப்டிகலில் ஒரு பக்கம் சரிந்து சுழலத் தொடங்கினால் உயரம் கரைந்துகொண்டே போகும். வலது பக்கச் சிவப்புக் கைப்பிடியை இழுத்து மெயினைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க மிஞ்சுவது சில வினாடிகள். ஏ லைசன்ஸ்காரருக்கு அந்த முடிவு 2,500 அடிக்குமேல் எடுபட்டிருக்க வேண்டும்.

அம்மாவின் கேள்வி

கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "மனே, அது விரியாட்டி என்ன செய்யிற?" மாமா குறுக்கே விழுந்தார்: "உகணைப் பக்கம் படைக்காரர் குதிக்கிறாங்கதானே அக்கா, அவங்களுக்கு என்ன நடந்த?"

இந்த இரண்டு கேள்வியையும் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. படையினர் தொகையாகக் குதிக்கும் வட்டக் குடை, ஆளை ஏறக்குறைய நேராகக் கீழே இறக்கும். வினாடிக்கு ஆறேழு மீற்றர் வேகத்தில் வந்து, காலை ஒட்டி உருண்டு விழுவார்கள். தம்பி பாவிப்பது சதுரக் கனோபி. காற்றை உள்வாங்கி விமான இறக்கை போல முன்னோக்கிப் பறக்கும். தரைக்குக் கிட்ட வந்ததும், டொகிள் என்ற இரண்டு கைப்பிடியையும் ஒன்றாக இழுத்து வேகத்தை முறிக்க வேண்டும்; இதைத்தான் ஃபிளேர் என்பது. சரியாகச் செய்தால் படியிறங்குவது போல நிற்கலாம். செய்யத் தவறினால் அந்த முன்வேகம் முழுக்க உடம்பில் இறங்கும்.

விரியாட்டி என்ற பயத்துக்கும் பதில் உண்டு. 1970களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டில் ஆண்டுக்கு 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் கணக்கில் 2023-இல் இறந்தவர்கள் 10 பேர். குதிப்புகளோ ஏறத்தாழ 36 இலட்சத்து 50 ஆயிரம். இடையில் பில் பூத் உருவாக்கிய மூன்று வளைய விடுவிப்பு வந்தது. பழுதான மெயினை ஒரே இழுவையில் கழற்றலாம். 1991-இல் சைப்ரஸ் என்ற பெயரில் ஏஏடி கருவி வந்தது. அனுபவசாலிகளுக்கான அமைப்பில் அது தரையிலிருந்து ஏறக்குறைய 225 மீற்றர் உயரத்தில், வினாடிக்கு 35 மீற்றருக்கு மேல் ஆள் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானே திறந்துவிடும். அம்மா பயப்படும் விபத்து இன்றும் இருக்கிறது. ஆனால் அதற்கு எதிராக இரண்டு மூன்று தடுப்பு நிற்கிறது.

தடுப்பு இல்லாத இடம் வேறு. நன்றாக விரிந்த, எந்தப் பழுதும் இல்லாத கனோபிக்குக் கீழே, கடைசி 100 அடியில். ஏதோ குறுக்கே வருகிறது, ஆள் பதறி ஒரு டொகிளை முழுதாக இழுக்கிறார், கனோபி மூக்கைக் குத்திக்கொண்டு பாய்கிறது, நிமிர உயரம் இல்லை. அங்கே ஏஏடியும் உதவாது, ரிசர்வும் உதவாது. சிறிய வேகமான கனோபிகள் பரவிய பிறகு, இந்த விளையாட்டின் மரணங்களிலும் முறிவுகளிலும் பெரிய பங்கு இந்தக் கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்தது. அம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான்: "விரியாட்டி என்று பயப்படாதீங்க அக்கா. விரிஞ்ச பிறகு எப்படி இறங்குறார் என்று கேளுங்க."

தம்பிக்கு ஒரு கணக்குக் காட்டினேன். 2023-இன் எண்ணில் இலட்சம் குதிப்புக்கு 0.27 மரணம். வருடத்துக்கு 150 குதிப்பு என்றால் ஏறக்குறைய 2,500-க்கு ஒன்று. இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான சராசரி. அதற்குள் மிகப் பெரிய கனோபியில் காலையில் மட்டும் குதிப்பவரும் இருக்கிறார், 38 குதிப்போடு எலிப்டிகல் 150 வாங்கியவரும் இருக்கிறார். எந்தப் பக்கம் நிற்பது என்பது அவர் கையில் இருந்தது. மரணத்தை விடுங்கள், தொடை எலும்பு முறிவு அதைவிடப் பல மடங்கு சாதாரணம். அவருடைய கம்பெனி மருத்துவக் காப்புறுதியைக் கைத்தொலைபேசியில் திறந்து வாசிக்கச் சொன்னேன். வான்குதிப்பு விலக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. வீட்டில் உழைப்பது அவர் ஒருவர். தங்கச்சியின் கல்யாணத்துக்கு எடுத்த கடன் இன்னும் முடியவில்லை. ஏணியில் ஏறி வேலை செய்கிறவருக்கு மூன்று மாதம் கால் இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவைப்படவில்லை.

படுவான்கரை வயலில்

பேசிப் புரியாதது காலால் நடந்தால் புரியும் என்பது என் அனுபவம். அடுத்த நாள் பின்னேரம் படுவான்கரையில் அறுவடை முடிந்த வயலுக்குப் போனோம். கச்சான் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வரம்பில் கம்பு நட்டு, நுனியில் சொப்பிங் பேக் ஒன்றைக் கட்டிக் காற்றுத் திசை பார்த்துக்கொண்டோம். இறங்கும் பாதைக்கு மூன்று துண்டு, ஒவ்வொன்றையும் கால் என்போம். அதைத் தம்பி நடந்து காட்ட வேண்டும்: 1,000 அடியில் காற்றோடு ஓடும் முதல் கால், 600 அடியில் குறுக்குக் கால், 300 அடியில் காற்றை எதிர்த்துக் கடைசிக் கால். இரண்டு கையையும் டொகிள் பிடித்தது போல மேலே வைத்துக்கொண்டு நடந்தார். அழகாகச் செய்தார். திருப்பங்கள் மென்மை, கண் எப்போதும் இறங்குமிடத்தில்.

நாலைந்து முறை நடந்த பிறகு, கடைசிக் காலில் வந்துகொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே ஓடிப்போய் நின்றேன். அவருடைய வலது கை ஒரே வீச்சில் இடுப்புக்குக் கீழே இறங்கியது. உடம்பு தொண்ணூறு பாகை திரும்பியது. இடது கை மேலேயே நின்றது.

அந்தக் கையை அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

இது தம்பியின் குறை இல்லை. 38 குதிப்பில் யாருடைய கையும் அப்படித்தான் போகும். தட்டையான திருப்பம் என்று ஒன்று இருக்கிறது: இரண்டு டொகிளையும் பாதிக்கு இழுத்துப் பிடித்து, திரும்ப வேண்டிய பக்கத்தின் எதிர்ப் பக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. உயரம் குறைவாகவே போகும், கனோபி பாயாது. அதை அவர் மேலே 3,000 அடியில் இரண்டொரு தடவை செய்து பார்த்திருக்கிறார். பதற்றத்தில் கை தானாக அதைச் செய்ய நூறு தடவை செய்திருக்க வேண்டும். அதுவரை, அந்தக் கை தவறாக இழுக்கும் நாளையும் தாங்கும் கனோபிதான் தலைக்குமேல் இருக்க வேண்டும். 190-இல் அந்த இழுவைக்குக் கணுக்கால் போகலாம். எலிப்டிகல் 150-இல் ஆளே போகலாம். ஒரு கனோபியை எடைபோடும்போது அதில் நடக்கக்கூடிய மிக மோசமான இறக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். நல்ல நாளில், தெரிந்த புல்வெளியில், சீரான காற்றில் எந்தக் கனோபியும் இறங்கும்.

யாரும் கேட்காத ரிசர்வ்

மெயினைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். ரிசர்வைப் பற்றித் தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலானோர் கேட்பதில்லை. முதல் செட் வாங்குவோர் தவறவிடும் மிகப் பெரிய விஷயம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

190 இறாத்தலை 143-ஆல் பிரித்தால் 1.33. தம்பி வாழ்க்கையில் ஓட்டியிராத வேகம். ரிசர்வில் இறங்குவது எப்போது? மெயின் பழுதாகி, கழற்றி, நெஞ்சு அடித்துக்கொண்டு, வழக்கத்தைவிடத் தாழ்வாக, பெரும்பாலும் நினைத்த இடத்துக்கு வெளியே. அந்த நேரத்தில் முன்பின் ஓட்டாத கனோபியை 1.33-இல் இறக்கச் சொல்வது கொடுமை. மயங்கிய நிலையில் ஏஏடி திறந்துவிட்டால் ஃபிளேர் செய்யவும் ஆள் இல்லை. துணியின் பரப்பு மட்டுமே காப்பாற்றும். 193 ரிசர்வ் என்றால் 0.98. வித்தியாசம் அவ்வளவு.

மெயினைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று தம்பி கேட்டார். கொன்டெய்னரை மாற்ற முடியாது. 150-க்குத் தைத்த பைக்குள் 190 போகாது. 190-க்குத் தைத்த பைக்குள் பெரும்பாலும் ஒரு அளவு சிறிய மெயின் நன்றாகவே இருக்கும். பெரிதிலிருந்து சிறிதுக்குப் போக வழி உண்டு, திரும்பி வர வழி இல்லை. புதிய பை வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி: ஒப்டிமம் போன்ற ரிசர்வ்கள் மெல்லிதாக மடிவதால், அதே இடத்தில் ஒரு அளவு பெரிய ரிசர்வை வைக்கலாம்.

விற்பவரின் வாதம்

"நீ கெட்டிக்காரன், ஆறு மாதத்தில் 190 சலித்துவிடும், மறுபடி விற்று மறுபடி வாங்க வேண்டும், காசு வீண்" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். இந்த வாதம் எல்லாக் குதிப்பிடத்திலும் உண்டு. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. தங்களுக்கு 150 எவ்வளவு இலகு என்பதை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் பழைய 190 விலை போகாமல் கிடப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாக லைசன்ஸ் எடுப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

சின்னக் கனோபிக்காரரின் ஒரு வாதம் மட்டும் உண்மை: பாரம் குறைந்த பெரிய கனோபி பலத்த காற்றை எதிர்த்து முன்னேற முடியாமல் நின்றுவிடும், காற்றுக் குழப்பத்தில் அதிகம் ஆடும். அதனால்தான் இன்னும் பெரிய 230-ஐ வாங்கு என்று நான் சொல்லவில்லை. மற்றபடி, மாணவர்களுக்கு மணிக்கு 14 மைலுக்கு மேல் காற்றடித்தால் குதிக்க விடக்கூடாது என்பது அமெரிக்கச் சங்கத்தின் விதி. புது லைசன்ஸ்காரரும் அந்தக் காற்றில் தரையில் இருந்தால் ஒன்றும் குறையாது.

முடிவும் பிறகு நடந்ததும்

இரண்டு கிழமை முடிய முன்பே தம்பி விற்பவருக்கு வேண்டாம் என்று எழுதினார். டுபாய் திரும்பி, வேறொருவரிடம் சேபர்2 190 மெயினும் 193 ரிசர்வும் உள்ள செட்டைப் பிடித்தார். ஸ்டிலெட்டோவைவிட விலை கூடத்தான். வாங்கிய உடனே குதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஏ லைசன்ஸ்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தால் மேற்பார்வையோடு மீண்டும் தொடங்க வேண்டும். லீவு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. கை மறந்திருக்கும் நாளில் புதுக் கனோபியும் சேரக்கூடாது. பழகிய வாடகை 210-இல்தான் முதலில் ஏறினார்.

190 பிரச்சினை இல்லாமல் வந்ததா என்றால் இல்லை. முதல் குதிப்புகளில், கையை முழுதாக மேலே விட்டாலும் கனோபி பின்பக்கம் இழுபடுவது போல இருக்கிறது என்று குரல் பதிவு அனுப்பினார். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டொகிள் முழுதாக விட்ட நிலையில் கனோபியின் பின் விளிம்பு கீழே வளைந்து நின்றது. டொகிளோடு இணைந்த பிரேக் கயிறுகள் சுருங்கியிருந்தன. ஸ்பெக்ட்ரா நூலில் செய்த கயிறு, விரியும்போது கயிறுகள் வழியே இறங்கும் ஸ்லைடர் என்ற துணித் துண்டு உரசும் சூட்டில் குதிப்புக்குக் குதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அந்த உரசல் பிரேக் கயிறுகளில் அதிகம். பரசூட் பராமரிக்கும் ரிக்கர் அளந்தபோது இடதும் வலதும்கூட ஒன்றாக இல்லை. குதிப்பதை நிறுத்தி, முழுக் கயிறையும் புதிதாக மாற்றினார். எதிர்பாராத செலவு, ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பும் காசில் கை வைக்க வேண்டியதாயிற்று. பழைய கனோபி வாங்கும்போது துணியை மட்டும் தடவிப் பார்க்காமல் கயிறுகளை ரிக்கரிடம் கொடுத்து அளக்கச் சொல்லி, அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசினால் இந்தச் செலவு விற்பவர் தலையில் போகும்.

கயிறு மாற்றிய பிறகு 190 அவர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஒரு தடவை விமானத்திலிருந்து பிந்தி வெளியேறியதால் இறங்குமிடத்துக்குத் திரும்ப முடியாமல், தூரத்துக் கல்லாந்தரையில் இறங்கினார். ஆயிரம் அடியிலேயே திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டு, காற்றைப் பார்த்து, நேராக வந்து, முழங்காலில் உராய்ந்த காயத்தோடு எழுந்தார். 150-ஆக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குப் பிடித்தது அவர் ஆயிரம் அடியில் எடுத்த முடிவு.

இப்போது அவரிடம் 110 குதிப்பு. 170-க்கு இறங்கலாமா என்று போன மாதம் கேட்டார். குறுக்குக் காற்றில் இறங்கியிருக்கிறார், காற்றே இல்லாத காலையில் இறங்கியிருக்கிறார், குறித்த இடத்திலிருந்து பத்து மீற்றருக்குள் தொடர்ந்து இறங்குகிறார். தாழ்வான தட்டைத் திருப்பமும், ஃபிளேரின் நடுவில் சற்றுத் திரும்பி இறங்குவதும் இன்னும் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் கண்முன்னால் செய்து காட்டப்படவில்லை. அவை முடிந்த பிறகு, வாடகைக்கு ஒரு 170 எடுத்து, காலைக் குளிர்ச்சியில் சில குதிப்பு. வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவதாக இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.